பத்துக்குப் பத்து வாங்கிய உள்ளங்கால்

ஜனவரி 5, திங்கள்

இந்த நோட்டு என் அக்காள் மகள் மோகனப்பிரியா கொடுத்தது. பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் கண்ணாடியைக் கீழே பிடித்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்க வேண்டுமாம், பார்த்ததை அப்படியே எழுத வேண்டுமாம். எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறதல்லவா, அதற்காக இந்த மரியாதை.

எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பார்கள். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. திண்டுக்கல் கடைவீதியில் சடையாண்டி என்றால் தெரியாதவர் கிடையாது. ஜபருல்லா பாய் செருப்புக் கடையில் முப்பத்தொரு வருஷ விற்பனை. ஆள் படியேறும்போதே எட்டா ஒன்பதா என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி காரைவிட்டு இறங்குவதற்குள், எதிர்ச்சாரியில் நின்றபடியே 'ஏழு, அகலப் பாதம்' என்றேன். அவர் அசந்துபோய் ஒரு நிமிஷம் காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

மோகனப்பிரியா இன்று என் காலுக்குப் பரீட்சை வைத்தாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதன் நுனியால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவாள்.

"கண்ண மூடிக்கங்க மாமா. இது படுறப்ப 'ஆமா'ன்னு சொல்லணும். படலேன்னா பேசாம இருக்கணும்."

"பேசாம இருக்கணுமா? அது உங்க மாமாவுக்கு வராதே பாப்பா. வேற பரீட்ச இருந்தா வையி" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி பஞ்சவர்ணம்.

ஒரு காலுக்கு ஐந்து இடம், மொத்தம் பத்து. பத்துக்கும் 'ஆமா' சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் சந்தோஷம். கையில் எப்போதும் எட்டுக் கண்ணாடி வளையல் போட்டிருக்கிற பிள்ளை. கை லேசாக அசைந்தால்கூட ஒரு கிணுகிணுப்பு. கண்ணை மூடிக்கொண்டு கேட்க நன்றாயிருந்தது.

அவள் புத்தகத்தில் பாதப் படம் இருந்தது. உள்ளங்காலுக்கு 'பிளாண்டா' என்று பெயர் போட்டிருக்கிறதாம்.

"தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்? சொல்லுங்க பாப்போம்."

"அந்தக் காலத்துல பிளாண்டான்னு ஒரு வெள்ளக்காரத் துரை. நம்ம மலைக்கோட்டையில வெறுங்கால்ல ஏறுனாரு. பங்குனி வெயிலு. பாற சுட்டுருச்சு. இறங்கி வந்து காலத் தூக்கிக் காமிச்சாரு. டாக்டருங்க கூடிப் பாத்துட்டு, அந்த எடத்துக்கு அவரு பேரையே வச்சுட்டாங்க."

"அப்ப குதிகாலுக்கு எந்தத் துரை மாமா?"

"அது அவரு மச்சினன்."

சிரித்தாள். குதிகால் எலும்புக்கு 'கால்கேனியஸ்' என்று பெயராம். அதிலேயே 'கால்' என்று நம் தமிழ் இருக்கிறதே, அவர்கள் நம்மிடமிருந்து எடுத்ததுதான் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதோ இருமினாள்.

உள்ளங்கால்: இரண்டும் தாமரை. (கண்ணாடி பஞ்சவர்ணத்திடம் இருந்தது. பார்க்காமலே தெரியும்.)

ஜனவரி 7, புதன்

கடையில் பிளாண்டா துரை கதைக்கு நல்ல வரவேற்பு. இன்று அவருக்கு ஒரு வெள்ளைக் குதிரை சேர்ந்துவிட்டது.

தமிழாசிரியர் ஒருவர் செருப்பு வாங்க வந்தார். அவருக்கும் சொன்னேன். கூடவே, தமிழில் உள்ளங்கால் என்றால் 'உள்ளம் இருக்கிற கால்', மனசு அங்கேதான் முதலில் இறங்கும், அதனால்தான் பயந்தால் கால் சில்லிடுகிறது என்று விளக்கினேன். அவர் ஒரு கால் செருப்பில் இருக்க, மறுகால் என் மடியில் இருக்க, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மனசெல்லாம் இல்லப்பா. உள்ளன்னா உட்பக்கம். உள்ளங்கை மாதிரிதான். மடங்கி உள்ளுக்குள்ள இருக்குற பக்கம், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். இப்படிச் சுருக்கிச் சொன்னால் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பு ஏறும்?

உள்ளங்கால்: தாமரை.

ஜனவரி 8, வியாழன்

தாமரை.

ஜனவரி 10, சனி

பழனிக்கு மாலை போட்டு இன்று பதினைந்தாம் நாள். தைப்பூசத்துக்கு நம் தெரு ஆட்கள் பதினொரு பேர் நடந்து போவோம். பதினெட்டு வருஷமாக நான்தான் கொடி பிடித்து முன்னால் போகிறேன். மாலை போட்ட நாள் முதல் காலில் செருப்பு கிடையாது. வீட்டிலும் கடையிலும் தார் ரோட்டிலும் வெறுங்கால்தான்.

ஜபருல்லா பாய்க்கு வருஷாவருஷம் இதில் வருத்தம். "செருப்புக் கடக்காரனே செருப்பில்லாம நடந்தா, பாக்குறவன் என்னத்துக்குடா கடைக்கு வரப்போறான்?"

"என் கால் தேயாம இருக்குறதப் பாத்துட்டு, நம்ம கடச் சரக்குன்னு நெனச்சு வருவான் பாய்."

இந்த நோட்டில் ஒரு ரகசியம் எழுதலாம். நாலைந்து வருஷமாக எனக்கு முள் குத்துவதே இல்லை. கொதிக்கிற தாரில் மற்றவர்கள் குதித்துக் குதித்துப் போகும்போது நான் கல்யாண வீட்டு ஜமுக்காளத்தில் நடக்கிற மாதிரி நடக்கிறேன். முருகன் என் காலுக்கடியில் பஞ்சு வைத்துவிட்டான். கூட வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் வைப்பான், பொறுங்கள் என்று தைரியமும் கொடுத்திருக்கிறேன்.

மோகனப்பிரியாவிடம் மட்டும் சொல்லவில்லை. படித்த பிள்ளைகளுக்கு அருள் விஷயம் பிடிபடாது.

உள்ளங்கால்: தாமரை. கொஞ்சம் புழுதி படிந்த தாமரை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

மோகனப்பிரியா அக்காளோடு வந்திருந்தாள். நேற்று எங்கோ தேடிப்பிடித்து, பிளாண்டா துரையைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறாள்.

"அது லத்தீன் சொல்லு மாமா. உள்ளங்கால்னுதான் அர்த்தம். தட்டையா இருக்குறதுங்குற வேர்ல இருந்து வந்திருக்கலாமாம். நாத்துக்கும் கன்னுக்கும்கூட அவங்க அதே சொல்லத்தான் சொல்லியிருக்காங்க. ஏன்னு உறுதியாத் தெரியலையாம். கன்ன மண்ணுல வச்சு உள்ளங்காலால அழுத்தி நட்டதால இருக்கலாம்னு சில பேரு எழுதியிருக்காங்க."

"இதத்தான நானும் சொன்னேன்" என்றேன்.

"நீங்க எங்க சொன்னீங்க?"

"துரை கோட்டையில எதுக்கு ஏறுனாரு? கன்னு நடத்தான்."

பஞ்சவர்ணம் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வைத்திருந்தாள். லத்தீன்காரன் எப்படி நட்டான் என்று இவர்களுக்கு நேரில் காட்டிவிடலாமென்று கொல்லைப் பக்கம் குழி தோண்டி, கன்றை இறக்கி, மண் தள்ளி, உள்ளங்காலை வைத்து அழுத்தினேன். ஓர் அழுத்து. இரண்டு அழுத்து. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது.

"ஏங்க, கன்னு எங்க?" என்றாள் பஞ்சவர்ணம்.

காலை எடுத்துப் பார்த்தேன். தண்டு ஒடிந்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

"பதினெட்டு வருஷம் பழனிக்கு நடந்த காலு. அரச்சாண் கன்ன நடத் தெரியல" என்று அவள் சொன்னாள். நான் சிரித்தேன். அக்காளும் சிரித்தாள். மோகனப்பிரியா சிரிக்கவில்லை.

"மாமா, தண்டு உங்க காலுக்கு நேர் கீழ இருந்துச்சு. ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு."

"தெரியும் பாப்பா. வேர் பலமா இருக்கான்னு சோதிச்சேன்."

என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "நோட்டுல எழுதுறீங்கல்ல மாமா? கண்ணாடியில பாத்துத்தான எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

பொங்கலும் அதுவுமாகப் பிள்ளையிடம் சண்டை போட முடியுமா? தலையை ஆட்டினேன்.

ஜனவரி 16, வெள்ளி

இன்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேர் உள்ளங்காலை மடியில் வைத்துப் பார்த்திருப்பேன். என்னுடையதைப் பார்த்ததில்லை. பஞ்சவர்ணத்தின் கண்ணாடி சின்னது. பாதம் பாதியாகத்தான் தெரிந்தது. ஊர் மாதிரி இருந்தது. வெடிப்பு வெடிப்பாகச் சந்துகள்.

இடதுகாலில் பெருவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு பொட்டு. தாரோ என்று சுரண்டினேன். தார் இல்லை, ஆணியின் தலை. நம் கடையில் குதிகால் அட்டைக்கு அடிக்கிற சின்ன ஆணி. குறடு எடுத்து இழுத்தேன். முழுசாக வந்தது. கொஞ்சம் தண்ணீரும் வந்தது.

வலிக்கவில்லை. அருள் என்றால் இதுதான் அருள்.

கடை பொங்கலுக்குப் பூட்டியிருக்கிறது. நான் கடையில் கடைசியாக நின்றது புதன்கிழமை. புதன், வியாழன், வெள்ளி. கணக்கில் நான் எப்போதுமே சுமார்.

ஆணியைத் தீப்பெட்டியில் போட்டு நோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மஞ்சள் வைத்துக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடைப்பயணத்துக்கு வேட்டு. கொடியைப் பிடிக்க ஆள் ரெடியாக இருக்கிறான்.

உள்ளங்கால்: நலம்.

ஜனவரி 20, செவ்வாய்

கட்டு வெளியே தெரியாமலிருக்க சாக்ஸ் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். விரதத்தில் செருப்புக்குத்தான் தடை, சாக்ஸுக்கு இல்லை. இதைப் பாயிடம் விளக்கினேன்.

"எந்த முருகன்டா உனக்கு சாக்ஸ் குடுத்தது?" என்றார்.

"மலை மேல குளிரு பாய். அவருக்குத் தெரியாததா?"

பாய் மூக்கைச் சுருக்கினார். தோல் பதம் கெட்டிருக்கிறதா பார் என்று சொல்லி, என் பக்கத்து அலமாரியை ஒதுங்க வைக்கச் சொன்னார். ஒதுங்க வைத்தேன். தோல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளங்கால்: நலம். மருந்துக்கடையில் களிம்பு வாங்கினேன். யாருக்கென்று கேட்டார்கள். மச்சினனுக்கு என்றேன். எனக்கு மச்சினன் கிடையாது.

ஜனவரி 23, வெள்ளி

கோட்டைச்சாமி கடைக்கு வந்தான். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை பார்த்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் வரை எங்களோடு பழனிக்கு நடந்தவன். அதற்கப்புறம் ஆளைக் காணோம். வேறு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

இரண்டு கைக்கும் கட்டை வைத்து ஊன்றி வந்தான். இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"ஒம்போது நம்பர் குடு அண்ணே. வலதுகால் மட்டும்" என்றான்.

ஒரு காலுக்கு மட்டும் விற்க முடியாது. பெட்டியோடு எடுத்தான். முக்காலியில் உட்கார்ந்து வலதுகாலை மடியில் வைத்துப் போட்டுவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலண்ணே. அதான் ஆச்சு. கண்ணாடித் துண்டு ஏறியிருக்கு. வலிச்சிருந்தா பாத்திருப்பேன்ல. பாக்குறப்ப கணுக்கால் வரைக்கும் போயிருச்சு."

"சர்க்கரையா?"

"ஆமா. நீ சொன்னியே, ஞாபகம் இருக்கா? நடந்து போறப்ப எனக்குக் கால் மரத்த மாதிரி இருக்குன்னேன். முருகன் பஞ்சு வச்சுட்டான்டா, குடுத்து வச்சவன்டான்னே. நானும் ஊரெல்லாம் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு என் மேல் ஒரு கோபமும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

போகும்போது இடதுகால் செருப்பை மேஜையில் வைத்தான். "இத நீயே வச்சுக்க. உனக்கும் ஒம்போதுதான?"

இன்று கடையில் வியாபாரம் சுமார். யாருக்கும் எந்தக் கதையும் சொல்லவில்லை. பாய் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜனவரி 24, சனி

கன்றை அழுத்துகிற கால், மண்ணையும் அறிய வேண்டும், தண்டையும் அறிய வேண்டும். அழுத்தம் போதும் என்று காலே சொல்ல வேண்டும். லத்தீன்காரனுக்கு அது சொல்லியிருக்கும். அதனால்தான் கன்றுக்கும் காலுக்கும் ஒரே பெயர் வைத்தானோ என்னவோ. எனக்குத் தெரியாது.

மேலே கடைசி வார்த்தையை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் மோகனப்பிரியாவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். எதற்கு என்றாள். அத்தை பணியாரம் சுட்டிருக்கிறாள் என்றேன். "எப்பச் சுட்டேன்?" என்றாள் பஞ்சவர்ணம் பின்னாலிருந்து. அப்புறம் மாவைத் தேடிப் போனாள்.

வந்தவளிடம் அந்த இழையை எடுக்கச் சொன்னேன்.

"அதான் பத்துக்குப் பத்து வாங்கிட்டீங்களே மாமா."

"மறுபடி எடு."

பையிலிருந்து எடுத்தாள். தரையில் என் காலடியில் உட்கார்ந்தாள். சாக்ஸைக் கழற்றப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பாப்பா, மொதல்ல வளையலக் கழட்டி வச்சிரு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சில்வர் தட்டில் வைத்தாள். எட்டு வளையல். எட்டுச் சத்தம். நான் துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

சாக்ஸைக் கழற்றினாள். கட்டை அவிழ்த்தாள். அவள் மூச்சு ஒரு கணம் நின்றது கேட்டது. அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம். பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில். அடுப்படியில் பணியாரக் குழியில் எண்ணெய் பொரிகிற சத்தம். 'ஆமா' சொல்வதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"முடிஞ்சிருச்சு மாமா" என்றாள்.

துண்டை அவிழ்த்தேன். பஞ்சவர்ணம் கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"முப்பது வருஷத்துல இந்த மனுசன் இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பாத்ததே..." என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். பணியாரம் கருகியது.

தீப்பெட்டியை எடுத்து மோகனப்பிரியாவிடம் கொடுத்தேன். திறந்து ஆணியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடுறேன். எந்திரிக்காதீங்க, இடதுகால ஊனாதீங்க" என்றாள்.

ஜனவரி 26, திங்கள்

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்தார். எலும்பு வரை போகவில்லையாம். இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் பேச்சே வேறு என்றார். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. நடைப்பயணம் கிடையாது. இனி ஆயுசுக்கும் வெறுங்கால் கிடையாது.

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இத்தனை சரி சொன்ன நோயாளியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று டாக்டர் சொன்னார். (சொல்லவில்லை. ஆனால் முகத்தில் இருந்தது.)

ஜனவரி 30, வெள்ளி

காலை ஐந்து மணிக்குக் கூட்டம் வீட்டுக்கு வந்தது. கொடி என் கைக்கு வந்து, நான் விபூதி பூசி, இன்னொருவர் கைக்குப் போனது. கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் வருத்தம், அல்லது வருத்தம் மாதிரி.

"என்னண்ணே, முருகன் பஞ்சு வச்ச காலுன்னு சொல்லுவீங்களே?" என்றார் ஒருவர்.

"பஞ்சும் இல்ல ஒண்ணும் இல்ல. நரம்பு செத்துப்போச்சு. நாந்தான் அதுக்குப் பேரு மாத்தி வச்சுட்டேன்" என்றேன். "யாரும் கிளம்பாதீங்க. ஒவ்வொருத்தரா வந்து காலக் காட்டுங்க."

பத்துப் பேரையும் எதிரே உட்காரவைத்து, வலதுபக்க மடியில் காலை வாங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த உட்காரலும் இந்தப் பார்வையும் எனக்கு முப்பத்தொரு வருஷப் பழக்கம். இரண்டு பேருக்குச் சர்க்கரை. அவர்களை மட்டும் செருப்போடு நடக்கச் சொன்னேன். முருகன் கோபிப்பான் என்றார்கள். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், பதினெட்டு வருஷப் பழக்கம் என்றேன். பாய் கடையைத் திறந்து மெத்து வைத்த செருப்பு இரண்டு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார்.

ராத்திரி சாப்பிட்டதும் ஓரிடத்தில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். ஏனென்று கேட்டவருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பிளாண்டா துரைக்கும் சர்க்கரை இருந்தது இன்றுதான் தெரியவந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

மோகனப்பிரியா புதுக் கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்தாள். நான் நாற்காலியிலிருந்து மேற்பார்வை. பஞ்சவர்ணம் குழியில் இறக்கி, மண் தள்ளி, உள்ளங்காலால் சுற்றிவர அழுத்தினாள். ஒரு பக்கம் அழுத்திவிட்டு நிறுத்தினாள். மறுபக்கம் கொஞ்சம் குறைவாக. நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. கன்று நிமிர்ந்து நின்றது.

உள்ளங்கால், கண்ணாடியில் பார்த்தது:

இடது: பெருவிரலுக்குக் கீழே புண், சுண்டைக்காய் அளவு. நேற்றும் அதே அளவு. ஓரம் சிவப்பு, நாற்றம் இல்லை.

வலது: குதிகாலில் வெடிப்பு இரண்டு. நடுவில் தழும்பு ஒன்று. அது எப்போது வந்ததென்று தெரியவில்லை.